ஹெச்.பி.வி. வைரஸுக்கு ஏன் மருந்து இல்லை? - நம் செல்லின் ‘ஜெராக்ஸ் மெஷினும்’ அம்பிளிக்கை வினிகரும்

பஞ்சில் கொஞ்சம் வினிகர். ஃபாஸ்ட்ஃபுட் கடையில் நூடுல்ஸ் மேல் ஊற்றுகிறார்களே, அதே அசிட்டிக் அமிலம்தான். 3 முதல் 5 சதவீதம் வரை நீர்த்தது. அதைக் கருப்பை வாயில் தடவிவிட்டுச் செவிலியர் ஒரு நிமிடம் காத்திருப்பார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டு தோன்றினால், மேற்கொண்டு பார்க்க வேண்டும். தோன்றாவிட்டால், “ஒண்ணும் இல்லம்மா, போயிட்டு வாங்க.”

2000 முதல் 2003 வரை, திண்டுக்கல் மாவட்டத்தில் 31,343 பெண்களுக்கு இப்படிப் பரிசோதனை நடந்தது. பழனி மலைக்கு வடக்கே, ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அம்பிளிக்கை என்ற சிற்றூர்தான் இதற்குத் தலைமையிடம். அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய நல மையம், சென்னை அடையாறு புற்றுநோய் மையம், பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. 2007 ஆகஸ்டில் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தபோது உலகமே கவனித்தது. ஒரே ஒரு தடவை வினிகர் தடவிப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்ததில், கருப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது.

இங்கே ஒரு கேள்வி வரும். இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது 1980-களிலேயே தெரிந்துவிட்டது. அப்படியானால் வைரஸைக் கொல்ல ஒரு மாத்திரை கொடுத்தால் போதாதா? வினிகர், வெள்ளைத் திட்டு என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

அந்த மாத்திரை இன்றுவரை இல்லை. ஏன் இல்லை என்பதற்கான விடை, இந்த வைரஸ் நம் செல்லுக்குள் போய்த் தன்னை நகலெடுத்துக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. அந்த வெள்ளைத் திட்டு ஏன் வெள்ளையாகிறது என்பதற்கும் அதே இடத்தில்தான் விடை.

கையில் ஒரே ஒரு தாள்

ஹெச்.பி.வி. என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை சாதுவானவை, மிஞ்சிப்போனால் கையிலோ காலிலோ மரு வரும். புற்றுநோய் வரை போகக்கூடியவை பத்துப் பன்னிரண்டு வகைகள்தான். அவற்றில் 16, 18 என்ற எண்கள் கொண்ட இரண்டு வகைகள் மட்டுமே, கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இவற்றைக் கண்டுபிடித்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரஸின் மரபணுத் தொகுப்பு ரொம்பச் சிறியது. வளையல் போல வட்டமான ஒரு டி.என்.ஏ., அதில் சுமார் 8,000 எழுத்து ஜோடிகள். மனிதனின் டி.என்.ஏ.வில் 300 கோடி. எட்டாயிரம் எழுத்தில் எத்தனை கருவிகளுக்கான குறிப்புகளை எழுதிவைக்க முடியும்? எட்டு, ஒன்பது புரதங்களுக்குத்தான் இடம் இருக்கிறது.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மெஷின், மை, பேப்பர், கரண்ட், ஆள் எல்லாம் கடைக்குச் சொந்தம். உள்ளே நுழைகிறவன் கையில் ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது. ஆனால் மெஷினை எப்படி ஆன் செய்வது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். ஹெச்.பி.வி. அப்படிப்பட்ட ஆள். டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாகப் படியெடுக்கும் நொதிக்குப் பாலிமரேஸ் என்று பெயர். அது இந்த வைரஸிடம் கிடையாது. நம்முடையதைத்தான் பயன்படுத்துகிறது. அது சொந்தமாகக் கொண்டுவருவது, நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் இரண்டு புரதங்களை மட்டும். அவற்றுக்கு இ1, இ2 என்று பெயர்.

மோதிரம் போட்டுப் பிரிப்பது

இ2 வழிகாட்டி. வைரஸ் டி.என்.ஏ.வில் நகலெடுப்பு தொடங்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. எட்டாயிரம் எழுத்தில் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்வது இ2-வின் வேலை. தனியாகப் போகாது, இ1-ஐயும் கையோடு கூட்டிக்கொண்டுபோய் அங்கே உட்காரவைக்கும். இ1-க்குத் தானாக அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கும் திறமை குறைவு. உட்காரவைத்ததும் இ2 விலகிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு இ1 கூட்டம் சேர்க்கிறது. ஆறு இ1 புரதங்கள் வட்டமாகக் கைகோத்து ஒரு மோதிரமாகும். பக்கத்தில் இன்னொரு ஆறு, இன்னொரு மோதிரம். டி.என்.ஏ. என்பது முறுக்கிய இரட்டை இழை அல்லவா? அந்த இழைகள் இரண்டையும் பிரித்து, ஒவ்வொரு மோதிரமும் ஓர் இழையைத் தன் துளை வழியாக இழுக்கத் தொடங்கும். ஜிப்பைத் திறக்கிற மாதிரி டி.என்.ஏ. விரியும். இந்த வகை நொதிக்கு ஹெலிகேஸ் என்று பெயர்.

மோதிரம் எப்படி இழுக்கிறது என்பதை 2006-ல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் எக்ஸ்-ரே மூலம் படம் பிடித்தார்கள். மாட்டைத் தாக்கும் பாப்பிலோமா வைரஸின் இ1 அது. மோதிரத்தின் உட்பக்கம் ஆறு ‘கைகள்’ சுழல் படிக்கட்டு போல ஒன்றுக்கொன்று கீழே நிற்கின்றன. மேல் படியில் இருக்கும் கை இழையில் ஓர் எழுத்தைப் பிடிக்கிறது, கீழ்ப் படிக்கு இறங்குகிறது, விடுகிறது, மறுபடி மேலே போகிறது. கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதுதான். இதற்குக் கூலி, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. அதுவும் நம் கணக்கில்.

இதுவரை வைரஸின் வேலை. பிரிந்த இழைகளை அப்படியே விட்டால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் நம் புரதங்கள் வருகின்றன. வருகின்றன என்பதைவிட, இ1 அவற்றைப் பிடித்து இழுத்து வருகிறது என்பதே சரி. ஆர்.பி.ஏ. என்ற மனிதப் புரதம், பிரிந்த ஒற்றை இழையின் மேல் படர்ந்து அது மறுபடி ஒட்டாமல் காக்கிறது. டோபோஐசோமெரேஸ் என்ற இன்னொன்று, இழுக்க இழுக்க முன்னால் ஏறும் முறுக்கைத் தளர்த்திவிடுகிறது. கிணற்றுக் கயிறு முறுக்கிக்கொண்டால் பிரித்துவிடுவோமே, அதுபோல. மூன்றாவது, பாலிமரேஸ் ஆல்ஃபா - பிரைமேஸ். புதிய இழையின் முதல் சில எழுத்துகளை எழுதிப் பிள்ளையார் சுழி போடுவது இதுதான். மூன்றும் இ1 புரதத்தோடு நேரடியாக ஒட்டிப் பழகுபவை. பிள்ளையார் சுழி போட்டாயிற்று என்றால் மீதி எழுத்துகளை எழுத மற்ற மனிதப் பாலிமரேஸ்கள் வந்து சேர்ந்துகொள்ளும். வளையல் இரண்டாகும், இரண்டு நான்காகும்.

ஆக, வைரஸ் புரதமும் மனிதப் புரதமும் கைகுலுக்கும் அந்தச் சில இடங்களில்தான் எல்லாமே நடக்கிறது.

குரங்கு சொல்லிக்கொடுத்த பாடம்

இந்தக் கைகுலுக்கல் ஹெச்.பி.வி.யில் முதலில் தெரியவந்ததல்ல. எஸ்.வி.40 என்று ஒரு குரங்கு வைரஸ் உண்டு. 1960-ல், போலியோ தடுப்பூசி தயாரிக்கப் பயன்பட்ட ரீசஸ் குரங்கின் சிறுநீரகச் செல்களில் கண்டுபிடிக்கப்பட்டது. (கொடைக்கானலில் கையிலிருக்கும் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே, அது ரீசஸ் அல்ல. அது தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக் குரங்கு. ரீசஸ் வடக்கே இருப்பது.) 1984-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோக்கிம் லி, தாமஸ் கெல்லி என்ற இருவர், இந்த வைரஸின் டி.என்.ஏ.வைச் சோதனைக் குழாயிலேயே நகலெடுக்க வைத்தார்கள். வைரஸிடமிருந்து தேவைப்பட்டது ஒரே ஒரு புரதம். மற்றதெல்லாம் குரங்குச் செல்லை உடைத்து எடுத்த சாறு.

அந்தச் சாற்றில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத்தான், மனிதச் செல் தன் டி.என்.ஏ.வை எப்படி நகலெடுக்கிறது என்பதையே விஞ்ஞானம் கற்றுக்கொண்டது. ஆர்.பி.ஏ. உட்படப் பல புரதங்கள் இப்படிக் கிடைத்தவை. திருடன் பின்னால் போய் வீட்டின் வரைபடத்தைத் தெரிந்துகொண்ட கதை. இதற்கு ஆய்வகங்கள் பயன்படுத்திய மனிதச் செல்களில் ஹீலா செல்லும் ஒன்று. 1951-ல் கருப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து, அவரைக் கேட்காமலேயே எடுக்கப்பட்ட செல்கள் அவை. அவருக்கு அந்தப் புற்றுநோயைக் கொடுத்தது ஹெச்.பி.வி. 18 என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. எலிச் செல்லின் சாற்றைக் கொடுத்தால் குரங்கு வைரஸ் நகலெடுக்காது. மனிதச் செல்லின் பாலிமரேஸ் ஆல்ஃபாவையும் சேர்த்துக் கொடுத்தால் வேலை நடக்கும். பூட்டும் சாவியும் போல இந்தப் புரதங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

தூங்கும் செல்லை எழுப்பும் தந்திரம்

ஹெச்.பி.வி.க்கு ஒரு சிக்கல் உண்டு. அது நுழைவது, சிறு கீறல் வழியாக, தோல் போன்ற மேற்படலத்தின் அடித்தளச் செல்லில். அந்தச் செல் பிரிந்து பெருகும் செல் என்பதால் ஜெராக்ஸ் மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் புதிய வைரஸ்களை ஆயிரக்கணக்கில் செய்து வெளியே அனுப்ப வேண்டியது மேலடுக்கிலிருந்து. மேலடுக்குக்கு வந்த செல்கள் பிரிவதை நிறுத்திவிட்டவை. கடைக்கு ஷட்டர் போட்டு, கரண்ட்டையும் அணைத்தாயிற்று.

ஷட்டரைத் தூக்குவது இ7 என்ற வைரஸ் புரதம். நம் செல்லில் ரெட்டினோபிளாஸ்டோமா புரதம் என்று ஒரு காவலாளி இருக்கிறது. “நகலெடுக்கும் நேரம் இன்னும் வரலை” என்று தடுத்து நிறுத்திவைப்பது அதன் வேலை. இ7 போய் அந்தக் காவலாளியைக் கட்டிப்பிடித்து முடக்கிவிடுகிறது. செல் விழித்துக்கொள்கிறது, நகலெடுக்கும் புரதங்களை எல்லாம் மறுபடி தயாரிக்கிறது. இப்படி நேரங்கெட்ட நேரத்தில் விழிக்கும் செல்லைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லும் இன்னொரு காவலாளி பி53. அதை இ6 என்ற புரதம் அழித்துவிடுகிறது. எல்லாமே இ1 நிம்மதியாக வேலை பார்ப்பதற்காகத்தான். மனிதச் செல் ஒரு பிரிவுக்குள் தன் டி.என்.ஏ.வை ஒரே ஒருமுறைதான் நகலெடுக்க வேண்டும் என்று கறாரான விதி வைத்திருக்கிறது. வைரஸுக்கு அந்த விதியெல்லாம் கிடையாது.

இப்போது வினிகருக்கு வரலாம். விழித்துக்கொண்ட செல்களில் உட்கரு பெருத்து, புரதம் மண்டி நெருக்கமாகக் கிடக்கும். அசிட்டிக் அமிலம் பட்டதும் அந்தப் புரதங்கள் தற்காலிகமாகத் திரள்கின்றன. பாலில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் திரிகிறதே, அந்த மாதிரி. ஒளி ஊடுருவாமல் திரும்பி வருவதால் வெள்ளையாகத் தெரிகிறது. சாதாரணச் செல்லில் அவ்வளவு புரதம் இல்லை. அது இளஞ்சிவப்பாகவே இருக்கும். ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒரு முகாமில், டார்ச் வெளிச்சத்தில் செவிலியர் பார்த்தது, கண்ணுக்குத் தெரியாத அந்தத் திருட்டு நகலெடுப்பின் தடயத்தைத்தான். புண், அழற்சி போன்ற வேறு காரணங்களாலும் வெள்ளை தெரியலாம் என்பதால்தான் அடுத்த கட்டப் பரிசோதனை தேவைப்படுகிறது.

பயப்பட வேண்டிய அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. தொற்று வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே வைரஸை விரட்டிவிடும். விரட்டாமல் தங்கிப்போன சிலரிடம்தான் விபரீதம். வைரஸின் வட்ட டி.என்.ஏ. எங்கோ ஓரிடத்தில் அறுந்து, நம் குரோமோசோமுக்குள்ளேயே செருகிக்கொள்கிறது. அப்படி அறுபடும்போது பெரும்பாலும் உடைவது இ2 மரபணு. வழிகாட்டி என்று பார்த்தோமே, அதே இ2-தான். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: இ6, இ7 இரண்டும் அளவுக்கு மீறி உற்பத்தியாகாமல் பிரேக் போடுவது. இ2 போனால் பிரேக் போச்சு. இ6-ம் இ7-ம் கட்டுப்பாடில்லாமல் பெருகி, செல் நிற்காமல் பிரிந்துகொண்டே போகும். அதுதான் புற்றுநோய். வைரஸுக்கும் இதில் லாபம் இல்லை; செருகிக்கொண்ட டி.என்.ஏ.விலிருந்து புது வைரஸ் பிறக்காது. யாருக்கும் பயனில்லாத ஒரு விபத்து, தொற்று ஏற்பட்டுப் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் கழித்து ஒரு பெண்ணின் உயிரை எடுக்கிறது.

அக்கிக்கு மருந்து உண்டு, இதற்கு ஏன் இல்லை?

அக்கி வந்தால் டாக்டர் ஏசைக்ளோவிர் வகை மாத்திரை எழுதித் தருகிறார். அதுவும் வைரஸ்தான், டி.என்.ஏ. வைரஸ்தான். அதற்கு மட்டும் மருந்து எப்படி? அக்கி வைரஸ் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. தன் சொந்தப் பாலிமரேஸைக் கையோடு கொண்டுவருகிறது. மருந்து அந்த வைரஸ் பாலிமரேஸைக் குறிவைத்துத் தடுக்கிறது. நம் பாலிமரேஸுக்குப் பெரிய சேதம் இல்லை. ஹெச்.பி.வி.யிடம் அப்படிக் குறிவைக்கச் சொந்த மெஷின் இல்லை. கடை மெஷினை உடைத்தால் கடைக்காரருக்குத்தான் நஷ்டம்.

மிச்சம் இருக்கும் வழி, இ1, இ2 ஆகிய இரண்டையும் அவற்றின் கைகுலுக்கல்களையும் தடுப்பது. முயன்றிருக்கிறார்கள். இ1-ம் இ2-வும் சேராமல் தடுக்கும் சிறு மூலக்கூறுகளைக் கனடாவில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகம் 2003-ல் வெளியிட்டது. மரு உண்டாக்கும் 6, 11 வகைகளில் அவை வேலை செய்தன. புற்றுநோய் உண்டாக்கும் 16, 18-ல் எடுபடவில்லை. புரதங்கள் ஒட்டிக்கொள்ளும் பரப்பு அகலமாக, வழுக்கலாக இருக்கும். சின்ன மருந்து மூலக்கூறு உட்கார அங்கே குழி கிடைப்பதில்லை. மருந்துக் கடையில் வாங்கும்படியாக இன்றுவரை எதுவும் வரவில்லை.

இதே கதை பழனி மலையில் வேறு ஒரு ரூபத்தில் நடந்திருக்கிறது. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி மலைவாழையை அழித்தது முடிக்கொத்து நோய். இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நின்றுவிடும்; குலை தள்ளாது. காரணம் அசுவினி பரப்பும் ஒரு டி.என்.ஏ. வைரஸ். அதனிடமும் சொந்தப் பாலிமரேஸ் இல்லை. வாழைச் செல்லின் மெஷினைத்தான் பயன்படுத்துகிறது. வியப்பு என்னவென்றால், அதிலும் ஒரு புரதம், தாவரச் செல்லில் இருக்கும் ரெட்டினோபிளாஸ்டோமா வகைக் காவலாளியைப் பிடிக்கிறது. பிடிக்கும் இடத்தில் உள்ள அமினோ அமில வரிசையும், இ7 புரதத்தில் இருப்பதும் ஒரே மாதிரி. வாழைக்கும் மனிதருக்கும் எவ்வளவு தூரம்! ஆனால் செல்லை எழுப்பும் தந்திரம் ஒன்றுதான். அங்கும் மருந்து கிடையாது. பாதித்த மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும், வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றை நட வேண்டும். கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசையில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இந்தப் போராட்டத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறது.

அம்பிளிக்கையில் செய்ததும் ஒருவகையில் இதுதான். வைரஸைத் துரத்தவில்லை, அது கெடுத்துவைத்த திசுவை, புற்றாக மாறும் முன் அகற்றினார்கள். சின்னத் திட்டு என்றால் கிரையோதெரபி, அதாவது வாயுவால் உறையவைத்து அழிப்பது. பயிற்சி பெற்ற செவிலியர்களே இதைச் செய்தார்கள். அறுவை அரங்கம் வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம்.

எண்களும் ஒரு நெருடலும்

ஆய்வின் எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57-ல் பரிசோதனை, 57-ல் வழக்கமான நிலை. 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்கள். பரிசோதனைப் பகுதிகளில் தகுதியானவர்கள் 49,311 பேர். மற்ற பகுதிகளில் 30,958 பேர். 2006 வரை கண்காணித்ததில், முதல் பிரிவில் 167 பேருக்குப் புற்றுநோய், 83 மரணம். இரண்டாவது பிரிவில் 158 பேருக்குப் புற்றுநோய், 92 மரணம். பெண்களின் எண்ணிக்கை, வயது போன்றவற்றைக் கணக்கில் எடுத்தால் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைவு. 30 முதல் 39 வயதினரிடம்தான் பலன் அதிகம்.

அந்த 92 என்ற எண்தான் நெருடல். பாப் ஸ்மியர் பரிசோதனை பயனுள்ளது என்று மேலை நாடுகளில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருக்க, இங்கே ஒரு பிரிவுப் பெண்களைப் பரிசோதனை இல்லாமல் விட்டது சரியா என்று பின்னாளில் கடுமையான விவாதம் எழுந்தது. இதே போன்ற மும்பை, உஸ்மானாபாத் ஆய்வுகளும் அதில் சேர்ந்தன. அப்போது இந்தியக் கிராமங்களில் யாருக்குமே பரிசோதனை இல்லை, அதனால் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் தரப்பு. ஏழை நாட்டின் இல்லாமையையே அளவுகோலாக வைப்பதா என்பது எதிர்த்தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆய்வின் பலனை இன்று அனுபவிப்பவர்கள் இந்தக் கணக்கையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வினிகர் பரிசோதனையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஜெயிக்கவில்லை. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் சுமார் 1.3 லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. அதில் வைரஸின் டி.என்.ஏ.வையே தேடும் ஹெச்.பி.வி. பரிசோதனையை ஒரே ஒருமுறை செய்ததில் மரணம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வினிகர் பிரிவில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் பொறுத்த சோதனை அது. திண்டுக்கல்லில் பயிற்சியும் கண்காணிப்பும் பலமாக இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் டி.என்.ஏ. பரிசோதனையைத்தான் முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறது. அதில் இன்னொரு வசதி, மாதிரியைப் பெண்ணே தனியறையில் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

தமிழக அரசு 2007-ல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முறையில் இந்தப் பரிசோதனையைத் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. இன்று 30 வயதைக் கடந்த எந்தப் பெண்ணும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

தடுப்பூசி இ1, இ2 பக்கமே போவதில்லை. வைரஸின் வெளிக்கூடு போன்ற வெற்றுக்கூட்டை உடலுக்குக் காட்டி, செல்லுக்குள் நுழையும் முன்பே பிடிக்கப் பழக்குகிறது. ஆகவே ஏற்கெனவே உள்ளே போய்விட்ட வைரஸை அது ஒன்றும் செய்யாது. சிறுவயதிலேயே போடச் சொல்வது இதனால்தான். சீரம் நிறுவனம் தயாரித்த ‘செர்வாவேக்’ என்ற இந்தியத் தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. 2025-26 தமிழக பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஊசி போட்டவர்களும் பின்னாளில் பரிசோதனைக்கு வர வேண்டும். எல்லா வகை ஹெச்.பி.வி.யையும் அது தடுக்காது. அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் பரிசோதனை மட்டுமே வழி. 2022 கணக்குப்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.27 லட்சம் பேருக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள்.

திண்டுக்கல் ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. அழைத்தது 49,311 பேரை. வராமல் இருந்தவர்கள் 17,968 பேர். வந்தவர்களில் புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்டவர்கள் 1,874 பேர். அவர்களில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 சதவீதம்தான். “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு டெஸ்ட்?” என்பது இன்றைக்கும் சுகாதார நிலையங்களில் கேட்கிற கேள்வி. இ1 மோதிரம் சுற்றும்போது வலிக்காது. வெள்ளைத் திட்டு இருக்கும் இடத்திலும் வலிக்காது. ரத்தக் கசிவோ துர்நாற்றமோ தெரியும்போது, பெரும்பாலும், உறையவைத்து எடுக்கும் கட்டம் தாண்டியிருக்கும்.